பழைய வினைல் தட்டுகளிலிருந்து ராக்ஸ்டெடி, ரெகே தொகுப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜமைக்காவில் 1960களின் நடுவிலிருந்து 1970களின் இறுதிவரை அச்சான இசைத்தட்டுகளைக் கொண்டு மிக்ஸ் எனப்படும் தொடர் தொகுப்புகளை உருவாக்கிப் பகிர விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கருவிகளைப் பற்றிய கேள்விகளே மிகுதியாக வருகின்றன. ஆனால் ஒரு தொகுப்பின் மதிப்பு கருவியின் விலையைக் காட்டிலும், எந்தத் தட்டு, எந்த அச்சு, யார் வாசித்தது என்ற விவரம் இசையோடு சேர்ந்து கேட்பவரைச் சென்றடைகிறதா என்பதையே பொறுத்தது என்பது எங்கள் கருத்து.

ராக்ஸ்டெடி எங்கே முடிகிறது, ரெகே எங்கே தொடங்குகிறது?

ஆண்டுக் கணக்கில் பார்த்தால், 1966-இன் பிற்பகுதி முதல் 1968-இன் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள்தான் ராக்ஸ்டெடியின் காலம். அதற்கு முன்னால் ஸ்கா, பின்னால் ரெகே; மூன்றும் ஜமைக்காவின் நடன இசை வகைகள். 1966-இல் ஹோப்டன் லூயிஸ் ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனின் ஃபெடரல் ஸ்டுடியோவில் பாடிய 'டேக் இட் ஈஸி'தான் முதல் ராக்ஸ்டெடிப் பதிவு என்று பலர் சொல்கிறார்கள். இன்னொரு பாடகரான ஆல்டன் எல்லிஸுக்கு அந்த இடத்தைத் தருவோரும் உண்டு. இந்த வழக்கு இப்போதைக்குத் தீரப்போவதில்லை.

காதால் பிரித்தறிவது எளிது. ஸ்காவில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முன்னால் நிற்கும், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கும். ராக்ஸ்டெடியில் வேகம் தணிகிறது; ஊதுகருவிகள் பின்னுக்குப் போய், மூவர் குழுக்களின் குரலிசை முன்னுக்கு வருகிறது. பேஸ் கிடார் ஒரு சிறு சொற்றொடரை வாசித்துவிட்டு மௌனமாகி, மீண்டும் அதே சொற்றொடரை வாசிக்கும். அந்த மௌனத்தில்தான் இந்த இசையின் அழகு இருக்கிறது. டிரம்ஸ் நான்கு தாள அடிகளில் மூன்றாவதன் மீது சாய்கிறது. டிரினிடாடிலிருந்து வந்த கிடார் கலைஞர் லின் டெய்ட், பேஸ் வாசிக்கும் மெட்டையே கம்பிகளை உள்ளங்கையால் அடக்கிக்கொண்டு கிடாரிலும் வாசிப்பார்; ராக்ஸ்டெடியின் முத்திரை என்று சொல்லத்தக்க ஒலி அதுதான். அவர் 1968-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்.

1968-இல் வேகம் மீண்டும் கூடியது. ஆர்கன் இடைவெளிகளில் குமிழியிடத் தொடங்கியது, கிடாரின் வெட்டு (கம்பிகளைச் சட்டென அடித்து நிறுத்தும் ஒலி) இரட்டையானது. மேட்டல்ஸ் குழு 'டூ த ரெகே' என்ற தட்டை வெளியிட்டதும் அந்த ஆண்டில்தான். பிறகு 1970களில் வேகம் இன்னொரு முறை குறைந்து, இன்று உலகம் ரெகே என்றதும் நினைக்கும் ஒலி உருவாயிற்று. தொகுப்பில் தட்டுகளை வகைப்படுத்தும்போது, தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் உள்ள ஆண்டைவிட உங்கள் காதையே நம்புங்கள்; பல லேபிள்களில் ஆண்டே இருக்காது.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது வினைலிலிருந்து ஏன் எடுக்க வேண்டும்?

எல்லாம் கிடைக்கிறது என்பது உண்மையன்று. நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் சிறு தட்டாக மட்டும் வெளிவந்து, பிறகு எந்த நெடுந்தட்டிலும் (எல்பி) குறுந்தகட்டிலும் இடம்பெறாத பாடல்கள் இன்னும் ஏராளமாக உள்ளன. மூல நாடாக்கள் பல அழிந்தன. சிலவற்றின் மேலேயே புதிய பதிவு செய்யப்பட்டது. இன்று விற்பனையிலுள்ள சில மறுவெளியீடுகளே, நல்ல நிலையிலிருந்த ஒரு தட்டிலிருந்து எடுக்கப்பட்டவைதாம்.

இன்னொரு காரணம் நுட்பமானது. கிங்ஸ்டனின் பிரெண்ட்ஃபோர்டு சாலையில் ஸ்டுடியோ ஒன் நிறுவனத்தை நடத்திய காக்ஸன் டாட், தம் 1960களின் பதிவுகளை 1970களில் மீண்டும் வெளியிட்டபோது அவற்றுள் சிலவற்றின் மேல் புதிய தாளக் கருவிகளைச் சேர்த்தார். நெடுந்தட்டில் ஒலிக்கும் பாடலும் முதல் சிறு தட்டில் ஒலித்த பாடலும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி இருக்கையில் சாய்ந்து கேட்பவர், நடுவில் புதிதாக ஒரு தாளம் தட்டுவதைக் கேட்டுத் திடுக்கிடுவார். முதல் அச்சு எப்படி ஒலித்தது என்பதற்கு அந்தத் தட்டு மட்டுமே சாட்சி.

ஜமைக்கா அச்சு நல்லதா, பிரிட்டன் அச்சு நல்லதா?

ஒலித்தூய்மைக்குப் பெரும்பாலும் பிரிட்டன் அச்சு. கனமான பேஸுக்கும் உயிர்த்துடிப்புக்கும் ஜமைக்கா அச்சு. புலம்பெயர்ந்த ஜமைக்கர்களை நம்பி லண்டனில் ப்ளூ பீட், பாமா, 1968-இல் தொடங்கிய ட்ரோஜன் போன்ற வெளியீட்டு நிறுவனங்கள் இந்தப் பாடல்களை வெளியிட்டன. அவை நல்ல வினைலில், சீரான குழியுடன், படிக்கத்தக்க லேபிளுடன் வந்தன. ஜமைக்காவிலோ உடைந்த, விற்காத தட்டுகளை உருக்கி மீண்டும் அச்சிடும் வழக்கம் இருந்ததால், புத்தம் புதுத் தட்டிலும் பொரியும் சத்தம் கேட்கும். ஆனால் உள்ளூர் அச்சுக்கான வெட்டு (மூலத் தட்டில் பள்ளத்தைச் செதுக்குவது), திறந்தவெளி நடனக் கூட்டங்களில் ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகளில் ஒலிப்பதை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. இரண்டும் கையில் இருந்தால் இரண்டையும் பதிவுசெய்து, அருகருகே வைத்துக் கேட்டு முடிவெடுங்கள்.

தட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

காய்ச்சி வடித்த நீர், அதில் சில துளி மென்மையான சோப்புத் திரவம், மெல்லிய மயிரிழைத் தூரிகை. வரிப்பள்ளத்தின் வளைவை ஒட்டியே துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது. பிறகு வெறும் நீரால் ஒருமுறை கழுவி நிழலில் உலர்த்துங்கள். குழாய் நீரில் உள்ள உப்பு, காய்ந்த பிறகு பள்ளத்தில் தங்கிவிடும்.

கரீபியனிலிருந்து வரும் தட்டுகளில் ஈரப்பதத்தால் பூஞ்சை படிந்திருப்பது சாதாரணம். அதற்கு ஒரு கழுவல் போதாது. லேபிளில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: முன்னாள் உரிமையாளர் பேனாவால் எழுதிய பெயரும், கடையின் முத்திரையும் அந்தத் தட்டின் வரலாறு. அவற்றை அழிப்பவர்கள் மீது எங்களுக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

எந்த ஊசி, எந்த காட்ரிட்ஜ்?

காட்ரிட்ஜ் என்பது ஊசியின் அசைவை மின்குறியாக மாற்றும் சிறு பகுதி. விலையுயர்ந்த ஸ்டீரியோ காட்ரிட்ஜை வாங்கும் முன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். இந்தக் காலத்துச் சிறு தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ, அதாவது இடம் வலம் என்ற பிரிவில்லாத ஒற்றை ஒலி. மோனோ தட்டில் இசை முழுவதும் பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது தூசியும் தேய்மானமும் உண்டாக்கும் இரைச்சல் மட்டுமே. ஸ்டீரியோ காட்ரிட்ஜ் இரண்டையும் எடுத்துக் கொடுக்கும். மோனோ காட்ரிட்ஜ் பக்கவாட்டு அசைவை மட்டும் எடுக்கும். அதனால் ஒரே தட்டு பாதி வயதுக்குத் திரும்பியதுபோல் ஒலிக்கும். மோனோ காட்ரிட்ஜ் இல்லையென்றால், ஸ்டீரியோவில் பதிவுசெய்த பின் கணினியில் இடம் வலம் இரண்டையும் கூட்டி ஒன்றாக்குங்கள். மேல்கீழ் அசைவின் இரைச்சல் இரு பக்கமும் எதிரெதிராக இருப்பதால், கூட்டும்போது பெருமளவு அடிபட்டுப்போகும். செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான்.

ஊசிமுனையின் அளவும் முக்கியம். ஸ்டீரியோவுக்கான கூம்பு முனை சுமார் 18 மைக்ரான், பழைய மோனோவுக்கானது 25 மைக்ரான். ஜூக்பாக்ஸிலும் நடனக் கூட்டங்களிலும் கனமான ஊசிக்கையின் கீழ் ஓடித் தேய்ந்த தட்டில், தேய்மானம் பள்ளச் சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருக்கும். வேறு அளவுள்ள முனை அதற்கு மேலோ கீழோ தேயாத இடத்தில் உட்கார்ந்துவிட்டால், கரகரவென்று இருந்த குரல் திடீரெனத் தெளிவாகும். ஆகவே, ஒரு தட்டைத் தூக்கிப் போடும் முன் இரண்டு முனைகளிலும் ஓட்டிப் பாருங்கள். ஊசி தட்டை அழுத்தும் எடையை, காட்ரிட்ஜைத் தயாரித்த நிறுவனம் சொன்ன வரம்பின் மேல் எல்லைக்கு அருகில் வையுங்கள். எடை குறைந்து ஊசி பள்ளத்துக்குள் தத்துவதுதான் தட்டை அதிகம் கெடுக்கும்.

பாட்டு அலைவது போல் கேட்கிறது. டர்ன்டேபிள் பழுதா?

பெரும்பாலும் இல்லை. ஜமைக்காச் சிறு தட்டுகளில் நடுக்குழி சரியான மையத்தில் இல்லாதது மிகச் சாதாரணம். 45 சுற்றில் ஒரு சுழற்சிக்கு 1.33 விநாடி ஆகிறது. அந்தக் கால அளவில் சுருதி ஏறி இறங்கினால் குற்றவாளி நடுக்குழிதான். நீண்டு ஒலிக்கும் ஆர்கன் சுரத்தில் இது நன்றாகத் தெரியும். பெரிய குழியுள்ள தட்டென்றால் தீர்வு எளிது: நடுவில் வைக்கும் வட்ட அடாப்டரை எடுத்துவிட்டு, தட்டைச் சுழலவிட்டு, ஊசிக்கை இடமும் வலமுமாக ஆடுவதைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சுழற்சியை நிறுத்தித் தட்டை ஒரு மயிரிழை நகர்த்துங்கள், மீண்டும் சுழலவிடுங்கள். ஆட்டம் நிற்கும்வரை இதைச் செய்யலாம்.

கணினியில் பதிவுசெய்ய என்ன அளவுகள்?

24 பிட், 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். சேமிப்புக்குத் தரம் குறையாத கோப்பு வடிவமான ஃப்ளாக், பகிர்வதற்கு அதிலிருந்து எடுத்த எம்பி3. டர்ன்டேபிளின் அடி உறுமலை நீக்க வடிகட்டி போடுவதானால் 20 முதல் 25 ஹெர்ட்ஸ் அளவிலேயே நிறுத்துங்கள். பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. வடிகட்டியை மேலே ஏற்றினால் இந்த இசையின் அடித்தளமே போய்விடும்.

கீறல் சத்தத்தை எவ்வளவு நீக்கலாம்?

ஊசி துள்ளும் பெரிய வெடிப்புகளைக் கையால், ஒவ்வொன்றாக நீக்குங்கள். மென்பொருளிடம் மொத்தமாக ஒப்படைக்காதீர்கள். தானியங்கி நீக்கம் கீறலையும் கிடாரின் கூர்மையான வெட்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. தொடர் இரைச்சலைக் குறைக்கும் கருவி இன்னும் மோசம்: டிரம்ஸின் இணைத்தாளமான ஹை ஹேட் நீருக்குள் தட்டியது போலாகி, குரலைச் சுற்றியிருந்த அறையின் காற்றும் காணாமல் போகும். கொஞ்சம் பொரியட்டும்.

ஸ்டீரியோ நெடுந்தட்டில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம். இது பழுதா?

பழுதன்று. அந்தக் காலத்தில் பல பதிவுகள் இரண்டே தடங்களில் நடந்தன. ஒன்றில் தாளக்குழு, மற்றொன்றில் குரல். பின்னர் ஸ்டீரியோ என்ற பெயரில் அந்த இரண்டையும் அப்படியே இரு பக்கமும் வைத்து வெளியிட்டார்கள். தொகுப்பில் சேர்க்கும்போது இரண்டையும் கூட்டி மோனோவாக்குங்கள். அதற்கு முன் தாளப் பக்கத்தை மட்டும் ஒருமுறை கேளுங்கள். ஜாக்கி மிட்டூவின் விசைப்பலகையும் லெராய் சிபிள்ஸின் பேஸும் குரலின் மறைவின்றிக் கிடைக்கும் அரிய வாய்ப்பு அது.

தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது?

பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பிரபலமானவற்றை முன்னால் வைத்து, மீதியைப் பின்னால் தள்ளுவது வரிசையாகாது. ஜமைக்கா இசைக்கே உரிய சில இழைகள் உள்ளன, அவற்றைப் பிடித்துக்கொண்டால் வரிசை தானாக அமையும்.

முதலாவது, ரிதம் என்ற இழை. ஜமைக்காவில் ஒரு பாடலின் பேஸும் தாளமும் சேர்ந்த அடித்தளம் பாடலிலிருந்து தனியே பிரிந்து வாழும். 1967-இல் சவுண்ட் டைமன்ஷன் குழு ஸ்டுடியோ ஒன்னில் வாசித்த 'ரியல் ராக்' என்ற வாத்திய இசையின் மேல் பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான பாடல்கள் எழுந்தன. மூல வாத்திய வடிவம், அதன் மேல் ஒருவர் பாடியது, பின்னர் இன்னொருவர் தாளத்தோடு பேசியது, கடைசியில் டப் வடிவம் (குரலைப் பெரும்பாலும் நீக்கி, எதிரொலி சேர்த்து மறுகலவை செய்தது) என்று ஒரே ரிதத்தில் நான்கைந்து தட்டுகளைத் தொடுத்தால், கேட்பவர் பத்தாண்டு வரலாற்றைப் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவார்.

இரண்டாவது, தயாரிப்பாளர் என்ற இழை. முன்னாள் காவலரான டியூக் ரீட், கிங்ஸ்டனின் பாண்ட் தெருவில் தம் மதுக்கடையின் மாடியில் ட்ரெஷர் ஐல் ஸ்டுடியோவை வைத்திருந்தார். டாமி மெக்குக்கின் சூப்பர்சானிக்ஸ் குழு அங்கே வாசித்தது. பாரகன்ஸ், டெக்னிக்ஸ், ஃபிலிஸ் டில்லன் பாடினார்கள். அந்த மாடியிலிருந்து வந்த தட்டுகளுக்கு ஒரு மெருகு உண்டு. ஸ்டுடியோ ஒன் தட்டுகள் அவற்றைவிடக் கரடுமுரடானவை, பேஸ் கனமானது. ராக்ஸ்டெடியைப் பொறுத்தவரை எங்கள் ஓட்டு டியூக் ரீடுக்கே. காக்ஸன் டாட்டின் ஆதரவாளர்கள் மன்னிக்கட்டும்.

மூன்றாவது, இருபக்கத் தட்டு. 1967–68 வாக்கில் ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த, சவுண்ட் சிஸ்டம் எனப்படும் நடமாடும் ஒலிபெருக்கி அமைப்பொன்றின் உரிமையாளர் ரூடி ரெட்வுட், பாரகன்ஸ் குழுவின் 'ஆன் த பீச்' பாடலின் ஒற்றைப் பிரதி ஒன்றை ட்ரெஷர் ஐல் ஸ்டுடியோவில் வெட்டியபோது, பொறியாளர் பைரன் ஸ்மித் குரலைச் சேர்க்கத் தவறிவிட்டார். ரெட்வுட் அதை அப்படியே நடனக் கூட்டத்தில் ஒலிக்கவிட, கூட்டமே பாடலைப் பாடித் தீர்த்தது. சிறு தட்டின் பின்பக்கத்தில் குரலில்லாத 'வெர்ஷன்' இடம்பெறும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது என்பார்கள். அதே ஸ்டுடியோவில் தட்டு வெட்டும் வேலை பார்த்த மின்னணுப் பொறியாளர் கிங் டப்பி அதை டப் என்ற கலையாக்கினார். அவருடைய சவுண்ட் சிஸ்டத்தில் பேசிவந்த யூ ராய், 1970-இல் ட்ரெஷர் ஐல் ரிதங்களின் மேல் பேசி வெளியிட்ட தட்டுகள் ஜமைக்காவையே ஆட்டிப்படைத்தன. ஆகவே முன்பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பிப் பின்பக்கத்தை ஓட்டுவது சோம்பல் என்று எண்ண வேண்டாம். அந்த மண்ணின் முறையே அதுதான்.

தாளத்தைப் பொருத்திக் கலக்க வேண்டுமா?

தேவையில்லை. மனிதக் கை வாசித்த டிரம்ஸின் வேகம் ஒரே பாடலுக்குள்ளேயே சற்று ஏறி இறங்கும். கிங்ஸ்டனின் பழைய சவுண்ட் சிஸ்டங்கள் ஒற்றை டர்ன்டேபிளில்தான் ஓடின: தட்டு முடியும், தட்டு மாற்றுபவரான செலக்டர் அடுத்ததை வைக்கும்வரை மைக்கைப் பிடித்தவர் பேசுவார். முதல் பாடல் முழுதாக முடிந்து அடுத்தது தொடங்குவதே நல்லது. சுருதி ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பாடலின் மேல் நான் பேசலாமா?

பாடல்களுக்கு இடையில் பேசுங்கள். பாடலின் மேல் பேச யூ ராய் ஆக வேண்டும்.

பட்டியலில் என்னென்ன விவரம் தர வேண்டும்?

பாடகர், பாடல், தயாரிப்பாளர், வெளியீட்டு நிறுவனம், ஆண்டு, அச்சான நாடு; தெரிந்தால் வாசித்த குழுவும். இதைக் கட்டாயம் என்றே சொல்வோம். அந்தக் கலைஞர்களில் பலர் ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு போனவர்கள். பாடலை இயற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தயாரிப்பாளர் பெயர் அச்சான தட்டுகளும் குறைவில்லை. பட்டியலில் பெயரைச் சரியாக எழுதுவது அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மிகக் குறைந்த மரியாதை.

தட்டில் ஒட்டிய லேபிளை மட்டும் நம்பி எழுதாதீர்கள். தவறான பாடகர் பெயர், மாறிப்போன தலைப்பு, பக்கம் மாறி ஒட்டிய லேபிள் எல்லாம் உண்டு. சவுண்ட் சிஸ்டங்களுக்காக வெளியீட்டுக்கு முன்பே அச்சிட்ட தட்டுகளில் லேபிள் வெறுமையாகவே இருக்கும். அப்போது தட்டின் உள்விளிம்பில், கடைசி வரிக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வழுவழுப்பான பகுதியைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஆணியால் கீறியது போன்ற எழுத்துகளும் எண்களும் தெரியும். தயாரிப்பாளரின் அல்லது அச்சகத்தின் முதலெழுத்துகளோடு வரும் அந்த எண்ணை மற்றத் தட்டுகளோடு ஒப்பிட்டு, அநாதையாக வந்த தட்டுக்கு ஊரும் பேரும் கண்டுபிடிக்கலாம்.

இப்படிப் பகிர்வது சட்டப்படி சரியா?

தட்டு உங்களுடையது, பதிவின் உரிமை வேறொருவருடையது. 'இவ்வளவு பழசுக்கு யார் கேட்கப்போகிறார்கள்' என்ற எண்ணம் தவறு. ஜமைக்காவில் 1993 வரை பிரிட்டனின் 1911-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. 1993-இல் சொந்தச் சட்டம் வந்தது, 2015-இல் செய்த திருத்தம் பாதுகாப்புக் காலத்தை 95 ஆண்டாக உயர்த்தியது. அமெரிக்காவில் 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான ஒலிப்பதிவுகளுக்கு 2067 வரை பாதுகாப்பு உண்டு. பிரிட்டனில் வெளியீட்டிலிருந்து 70 ஆண்டு. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு என்பதால், 1966-இல் வெளியான பதிவின் உரிமை இங்கே 2026 முடிவோடு தீரும். ஆனால் மெட்டுக்கும் வரிகளுக்கும் உள்ள உரிமை தனி, அது இயற்றியவர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கும்.

நடைமுறையில், உரிமைதாரர்களுக்குப் பணம் செலுத்தும் ஒப்பந்தம் செய்துள்ள மிக்ஸ்கிளவுட் போன்ற தளங்களில் ஏற்றுவதே நேரான வழி. அமெரிக்க விதியை ஒட்டி, ஒரே கலைஞரின் பாடல் மூன்று மணி நேரத்துக்குள் நான்கைத் தாண்டக் கூடாது, ஒரே நெடுந்தட்டிலிருந்து மூன்றைத் தாண்டக் கூடாது என்ற வரம்பையும் கவனியுங்கள். ஒரே பாடகருக்கான நினைவுத் தொகுப்பு செய்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாடல்களைத் தனித்தனிக் கோப்புகளாகப் பதிவிறக்கத்துக்கு வைப்பது தொகுப்பைப் பகிர்வதாகாது, அதைத் தவிர்த்துவிடுங்கள். முறையான மறுவெளியீடு வந்திருந்தால் பட்டியலில் அதைக் குறிப்பிட்டு, வாங்கச் சொல்லுங்கள்.

ஒரு தொகுப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம்?

இந்தப் பாடல்கள் இரண்டரை, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு இருபது தட்டுகள் பிடிக்கும், போதும். 1970களின் பிற்பகுதியில் வந்த நீண்ட பாடல்களுள்ள 12 அங்குலத் தட்டுகளைச் சேர்த்தால் எட்டுப் பத்துக்குமேல் கொள்ளாது. அவற்றைச் சிறு தட்டுகளோடு கலக்காமல் தனித் தொகுப்பாகச் செய்யுங்கள்.